வண்டி தலைக்கு மேலே நிற்கும்போது

பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "வண்டி தூக்கற லிஃப்ட் எது வாங்கலாம்னு அப்பாகிட்ட கேட்டு ஒரு வரியில அனுப்பும்மா" என்றாய். கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு தூண் லிஃப்ட்டே வாங்கட்டும்" என்றார். நீ கேட்ட மாதிரியே ஒரு வரிதான். ஆனால் அதை அப்படியே உனக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நம் நிக்டி வீட்டுக்கு லிஃப்ட் வந்தபோதும், அதற்குப் பிறகு ஒரு நாள் நடந்தது நடந்தபோதும் நீ பெங்களூரில் வேலையில் இருந்தாய். உனக்குத் தெரிந்தது பாதிதான். இப்போது கல்யாணமாகிவிட்டது, ஊரின் மறுகோடியில் கோந்த்வாவில் நீயும் மிருணாளும் வீடு வாங்கியாகிவிட்டது, வீட்டுக்குக் கீழே ஷட்டர் போட்ட கராஜ், அதற்குள் நீ எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திய ஒரு பழைய ஜீப். அப்பாவின் பிள்ளை என்று நிரூபித்துவிட்டாய். அதனால் மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலீஷில் எழுதினால் ஆபீஸ் மெயிலைப் போலக் கண்ணை ஓட்டிவிட்டு மூடிவிடுவாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். இது அப்படி மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம்.

நம் வீட்டுக்கு லிஃப்ட் வேண்டும் என்று முதலில் சொன்னது அப்பா இல்லை, நான். வண்டி கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு அவர் தன் பழைய ஜீப்பே கதியென்று இருந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, கோணியை விரித்து அடியில் படுத்துக்கொள்வார். நான் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தால் கேட்டிலிருந்து பார்க்கும்போது ஜீப்புக்கு வெளியே இரண்டு பாதம் மட்டும் தெரியும். அந்தப் பாதம் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவேன். ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் திரும்பக்கூட முடியாமல் படுத்திருப்பார். ஒரு நாள் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னேன்: "இப்படியே போனா ஜீப் எழுந்து நிக்கும், நீங்க படுத்துடுவீங்க. கம்பெனியில நின்னுக்கிட்டுதானே வேலை பாத்தீங்க? வீட்லயும் நின்னுக்கிட்டுப் பாருங்க." அவர் அதற்காகவே காத்திருந்தவர் போல மறுநாளே போசரிக்குக் கிளம்பிவிட்டார்.

போசரியில் மூடிப்போன ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய லிஃப்ட் ஒன்று விலைக்கு வந்திருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேலே புதுச் சிவப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. எனக்கு மெஷின் தெரியாது. ஆனால் வேலையில் இருந்த காலம் முழுக்க ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள். எந்தக் கருவி வந்தாலும் எவ்வளவு தாங்கும், யார் சோதித்தார்கள், எப்போது சோதித்தார்கள் என்று பார்க்காமல் கையில் வாங்கிப் பழக்கமில்லை. எத்தனை எடை தூக்கும் என்று எழுதிய தகடு எங்கே என்று கேட்டேன். பெயிண்ட் அடிக்கும்போது கழற்றினோம், எங்கேயோ இருக்கும் என்றார் விற்கிறவர். வண்டி தானாக இறங்கிவிடாமல் தடுக்கும் லாக் எங்கே என்று கேட்டேன். காட்டினார். ஒரு தூணில் அந்த லாக்கை நிரந்தரமாகத் திறந்தே இருக்கும்படி கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதை விடுவித்து இறக்குவது தொல்லையாம். அப்பாவைப் பார்த்தேன். அவரும் அந்தக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வரும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி மிசள் சாப்பிட்டோம். அந்த லிஃப்ட் கதை அத்தோடு முடிந்தது. நீயும் பழசைத் தேடிப் போகாதே. புதிதாக வாங்கும்போதும் கம்பெனியின் பெயரை மட்டும் பார்க்காதே. வேறொருவர் சோதித்துக் கொடுத்த சான்று உண்டா, ரிப்பேர் என்றால் வர இந்த ஊரிலேயே ஆள் உண்டா, ரப்பர் பேடு தேய்ந்தால் மாற்றுப் பேடு கிடைக்குமா என்று கேள். நீ தூக்கப் போகும் வண்டிகளிலேயே கனமானது எதுவோ அதைவிடத் தாராளமாகத் தாங்குவதை வாங்கு. ஜீப்புக்கென்று வாங்கினாலும் ஒரு நாள் உன் பெரிய காரையும் அதில் ஏற்றத்தான் போகிறாய்.

எந்த வகை என்பதில் நம் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. நான்கு தூண் வகையில் தண்டவாளம் போன்ற இரண்டு பலகை மேல் வண்டியை ஓட்டி ஏற்றி நிறுத்திவிடலாம். வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கும். சாயுமோ என்ற பயம் குறைவு, ஒரு வண்டிக்கு மேலே இன்னொன்றை நிறுத்தவும் செய்யலாம். ஆனால் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் அதற்குத் தனி ஜாக்கி வேண்டும், இடத்தையும் அடைத்துக்கொள்ளும். இரண்டு தூண் வகையில் நான்கு கைகள் நீண்டு வந்து வண்டியை அடியில் பிடித்துத் தூக்கும். சக்கரம் நான்கும் அந்தரத்தில் தொங்கும், அடியில் எல்லாம் கைக்கு எட்டும். அதுதான் வேண்டும் என்று அப்பா ஒரே பிடிவாதம். கத்தரி போல மடங்கி எழும் தாழ்வான வகையும் ஒன்று உண்டு. கூரை உயரம் இல்லாத இடத்துக்கு அது போதும், ஆனால் வண்டியின் நடு அடிப்பாகத்தை அதுவே மறைத்துக்கொள்ளும். கடைசியில் அப்பா சொன்னதற்கே ஒத்துக்கொண்டேன். வேலை செய்யப் போகிறவர் அவர், வேலைக்கு ஏற்றது எது என்பதும் அவருக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். பொத்தான் என் கையில் இருக்கும். அடியில் போகிறவர் பொத்தானைத் தொடக் கூடாது, பொத்தானைத் தொடுகிறவர் அடியில் போகக் கூடாது. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

லிஃப்ட்டைவிடத் தரைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. இரண்டு தூண் லிஃப்ட் முழுக்க முழுக்கத் தரையை நம்பி நிற்பது. தூணின் அடியில் இருக்கும் ஆங்கர் போல்ட்டுகள்தான் அதன் வேர். நம் கராஜில் பார்க்க அழகாக டைல்ஸ் இருந்தது. அதற்குக் கீழே மெல்லிய சிமெண்ட் பூச்சு, அதற்கும் கீழே மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும் கரிசல் மண். டைல்ஸ் மேலேயே போல்ட் அடித்துவிடலாம், "ஹோ ஜாயேகா மேடம்", எல்லாம் ஆகிவிடும் என்று கான்ட்ராக்டர் நாள் முழுக்கச் சொன்னார். அப்பா கேட்கவில்லை. லிஃப்ட் கம்பெனி கேட்ட கனத்துக்கு, கேட்ட தரத்தில், கம்பி கட்டிக் கான்கிரீட் போடச் சொல்லிவிட்டார். போட்ட பிறகு அது முழு பலம் பெறும் வரை லிஃப்ட்டைக் கொண்டுவர விடவில்லை. காலையும் மாலையும் நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்படியே அந்தத் தரைக்கும் ஊற்றுவேன். கூரையையும் அளந்தோம். வெறும் கூரையை அளந்தால் போதாது. வண்டி மேலே போனபின் அதன் தலை எங்கே வரும், பானெட் திறந்தால் எங்கே இடிக்கும், ஷட்டர் சுருளும் பெட்டி எங்கே தொங்குகிறது என்று எல்லாம் பார்க்க வேண்டும். மின்சாரம் போனால் கையால் எப்படி இறக்குவது என்று, பொருத்த வந்த ஆளிடம் செய்து காட்டச் சொல்லி நாங்கள் இருவரும் கற்றுக்கொண்டோம்.

அதன் பிறகு வந்த மாதங்கள் அப்பாவின் நல்ல மாதங்கள். நின்றுகொண்டே வேலை செய்வார், ரேடியோ ஓடும், நான் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பேன். ஏற்றும் முறையும் எங்களுக்குப் பழகிவிட்டது. வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. லிஃப்ட் கைகளின் நுனியில் இருக்கும் நான்கு ரப்பர் பேடும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்று அவர் குனிந்து பார்ப்பார். சக்கரம் தரையை விட்டதும் நிறுத்துவேன். அவர் வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்ப்பார். ஆடாமல் நின்றால்தான் மேலே போகும். வேண்டிய உயரம் வந்ததும், கொஞ்சம் இறக்கி இரண்டு தூணிலும் லாக்கின் மேல் உட்கார வைப்பேன். இரண்டு சத்தமும் கேட்க வேண்டும். லாக்கில் உட்காராமல், தூக்கும் எண்ணெயின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது. இறக்கும்போது நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்து, பூனைகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் இறக்குவேன். இதெல்லாம் உனக்கும் லிஃப்ட்டோடு வரும் புத்தகத்தில் இருக்கும். படி.

இனி உனக்குத் தெரியாதது. ஜீப்பின் எஞ்சினைக் கழற்றிய வாரம். அப்பாவோடு கம்பெனியில் வேலை பார்த்த குல்கர்ணி உதவிக்கு வந்திருந்தார். எஞ்சினை வெளியே எடுத்து ஓரமாக வைத்தாயிற்று. ரேடியேட்டர், ஸ்டார்ட்டர் என்று கழற்றிய சாமான்களையெல்லாம் தொலைந்துவிடக் கூடாதென்று ஜீப்பின் பின்பக்கத்திலேயே அடுக்கிவைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே நல்ல மழை. வழக்கமாக வைக்கும் இடத்திலேயே லிஃப்ட்டின் கைகளை வைத்து ஏற்றினோம். ஆட்டிப் பார்த்தார்கள், நின்றது. நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி லாக்கில் உட்கார வைத்தேன். அப்பா குனிந்து பின்பக்கம் போய் ஒரு துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நீளமான ஸ்பேனரைப் போட்டு, தன் எடை முழுவதையும் கொடுத்துக் கீழே இழுத்தார். நான் தூணருகில் நின்று முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இழுக்கும்போதெல்லாம் முன்பக்கப் பேடுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு கோடு போல வெளிச்சம் தெரிந்தது. விட்டதும் மறைந்தது.

"என்னங்க, வெளிய வாங்க" என்றேன்.

"ஒரே போல்ட்தாம்மா. வந்துடுச்சு."

குல்கர்ணி எட்டிப் பார்த்தார். ரப்பர்தானே, கொஞ்சம் அமுங்கும், கொஞ்சம் எழும்பும், பயப்பட ஒன்றுமில்லை அண்ணி என்று மராத்தியில் சொன்னார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. என்ன தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்பக்கக் கனமெல்லாம் எஞ்சினில்தான் இருந்தது, அது இப்போது இல்லை, அதனால் கைகள் இருக்க வேண்டிய இடமே வேறு என்பதெல்லாம் அன்று சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அந்தக் கோடு மட்டும்தான். தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது ஏதாவது சரியில்லை என்று பட்டால், அது கடைசியாகச் சேர்ந்த நர்ஸாக இருந்தாலும், நிறுத்துங்கள் என்று சொல்லலாம். பெரிய சர்ஜன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏன் என்று கேட்பார்.

"போல்ட் அப்புறம் வரும். நீங்க இப்ப வெளிய வாங்க" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையது போல இருந்தது. அப்பாவுக்கு நண்பர் முன்னால் அப்படிச் சொன்னது பிடிக்கவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்பேனரை போல்ட்டிலேயே தொங்கவிட்டுத் திரும்பினார். அவர் விளிம்புக்கு வந்த நேரம் ஜீப் முனகியது. முன்பக்கம் மெதுவாக, மிக மெதுவாக மேலே எழுந்தது; பின்பக்கம் கீழே சாய்ந்தது. அப்போது உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஓடவில்லை. திரும்பி நின்று, இரண்டு கையையும் தூக்கி, இறங்கி வருகிற ஜீப்பைப் பிடிக்கப் போனார். அத்தனை வருஷம் வண்டிகளோடேயே வாழ்ந்த மனுஷன், அதன் கனம் கிலோ கணக்கில் தெரிந்தவர், கையால் தாங்கப் போனார். நான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது, நாங்கள் இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்தபடி விழுந்தோம். ஜீப்பின் பின்பக்கம் தரையில் இடித்து நின்றது. ஸ்டார்ட்டரும் ரேடியேட்டரும் உருண்டு வந்தன. அவர் நின்றிருந்த இடத்தில் பம்பர் மடங்கிக் கிடந்தது.

யாரும் ஜீப்பின் பக்கத்தில் போக வேண்டாம் என்று குல்கர்ணி சொன்னார். ஷட்டருக்கு வெளியே வந்து நின்றோம். லிஃப்ட்டைப் பொருத்திய ஆட்களுக்கு போன் போட்டோம். அவர்கள் வந்து உயரமான ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுத்துப் பத்திரமாக இறக்கினார்கள். அதுவரை அப்பா வாசல் படியில் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொடுத்தேன், குடித்தார். பிறகு குல்கர்ணியிடம் இந்தியில் எதையோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "இனிமே நீ வான்னா வந்துடுவேன். ஏன்னு வெளிய வந்து கேட்டுக்கறேன்."

அவர் என்னிடம் மன்னிப்பு கேட்டதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. இந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. அதைக் காப்பாற்றியும் வருகிறார். அதற்குப் பிறகு நான் இரண்டு முறை வெளியே வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் ஒன்றுமில்லை. ஒரு முறை தூணில் பல்லி ஓடியதைப் பார்த்து பயந்துவிட்டேன். வெளியே வந்து, ஏன் என்று கேட்டு, பல்லி என்றதும் சிரித்துவிட்டுத் திரும்பப் போனார். கோபப்படவில்லை. ஒருவேளை கோபப்பட்டிருந்தால் அடுத்த முறை சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அன்று உன்னிடம் போனில், "ஜீப் லேசா சாஞ்சிடுச்சு, பம்பர் மாத்தணும்" என்று மட்டும் சொன்னோம். தூரத்தில் இருக்கிற பிள்ளையை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்றுதான். பம்பர் மாற்றியாயிற்று, எஞ்சின் திரும்ப ஏறியாயிற்று. இப்போது வெயில் தாழ்ந்ததும் தளேகாவ் பக்கம் ஒரு சுற்று போய் வருகிறோம். அவருடைய இடுப்பு வலியும் போய்விட்டது. இந்த வயதில் இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் உனக்குச் சொல்வது இதுதான். எஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் என்று கனமான எதைக் கழற்றினாலும் வண்டியின் எடை எந்தப் பக்கம் போகும் என்று முதலில் யோசி, ஸ்டாண்டு முட்டுக் கொடு. வண்டிக்குள் சாமான் அடுக்காதே. வருஷா வருஷம் ஆள் வைத்து கேபிளையும் போல்ட்டையும் பார்க்கச் சொல். வண்டி விழுகிறது என்றால் விழட்டும். நீ அதைப் பிடிக்கப் போகாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுத வைத்தது. நேற்று நீ ஆபீஸில் இருந்தபோது நானும் அப்பாவும் கோந்த்வா வந்திருந்தோம். மிருணாள்தான் கராஜைத் திறந்து காட்டினாள். அப்பா டேப்பைப் பிடித்துக் கூரையை அளந்துகொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, அருமையான இடம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மிருணாள் ஓரமாக நின்றவள் என் கையைத் தொட்டு, உன் ஜீப்பின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக இருந்த ஒரு மூடியைக் காட்டினாள். "ஆயி, இதே காலி பாணி ஆஹே" என்றாள். அம்மா, இங்கே கீழே தண்ணீர் இருக்கிறது என்று. உங்கள் வீட்டுத் தரைத்தொட்டி அந்தக் கராஜுக்கு அடியில்தான் இருக்கிறது, பிரபு. அது எதுவரை போகிறது என்று மேலேயிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நீ தூண் நிறுத்தக் குறித்திருக்கும் சாக்பீஸ் கோடு அந்த மூடியிலிருந்து ஒரு எட்டில் இருக்கிறது. அப்பா கீழே உட்கார்ந்து மூடியைத் தட்டிப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்று காலை, அந்த ஒரு வரியை அனுப்பிவிடாதே என்று அவரே என்னிடம் சொல்லிவிட்டார். பில்டரிடமிருந்து தொட்டியின் வரைபடத்தை வாங்கி, கட்டட இன்ஜினியர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டு. இரண்டு தூணோ நான்கு தூணோ கத்தரியோ, எதை எங்கே நிறுத்தலாம், நிறுத்தவே கூடாதா என்பதை அவர் சொல்லட்டும். வேண்டாம் என்றால் ஜீப்பை நிக்டிக்குக் கொண்டு வா. இங்கே தூணும் இருக்கிறது, தரையும் இருக்கிறது, பட்டாணி உரித்துக்கொண்டு நானும் இருக்கிறேன்.

மிருணாள் இதை உன்னிடம் முன்பே சொன்னாளாம். நீ "பகூ" என்றாயாம். பார்க்கலாம் என்று அர்த்தம், எனக்கும் அவ்வளவு மராத்தி தெரியும். அவள் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால்தான் சொன்னாள். லிஃப்ட் வந்தால் பொத்தானுக்குப் பக்கத்தில் அவள்தான் நிற்கப் போகிறாள். ஒரு நாள் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று படும், காரணம் சொல்லத் தெரியாது, "தாம்ப்" என்பாள், நில் என்று. அப்போது நீ நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் வண்டிக்கு அடியில் போன பிறகு திடீரென்று வந்துவிடாது. இன்றைக்கு அவளோடு கராஜுக்கு இறங்கிப் போ. தொட்டி எங்கே இருக்கிறது என்று அவள் காட்டட்டும், நீ பார்.

அம்மா